டாக்டரைக் கேளுங்க: காபி கலர் மச்சமும் கோணுன முதுகும்

போன இதழ்ல நியூரோஃபைப்ரோமடோசிஸ் பத்தி, அதாவது ஜீன் கோளாறால உடம்புல காபி கலர் மச்சமும் நரம்புக் கட்டியும் வர்ற வியாதி பத்தி, ரெண்டு வரி எழுதுனேன், அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் குவிஞ்சு கிடக்கு. சுமார் 3000 குழந்தைக்கு ஒண்ணுன்னு வர்ற வியாதி இது. முக்கியமா முதுகு கோணல், ஆபரேஷன் பத்தி கேட்டவங்களுக்கு இந்த தடவை பதில்.

கேள்வி: டாக்டர் ஐயா, எங்களுக்கு மன்னார்குடி பக்கம். மகளுக்கு 9 வயசு, பொறந்ததுலேந்து உடம்பெல்லாம் காபி கலர் மச்சம். போன வருஷம் முதுகு 28 டிகிரி கோணல்னு பெல்ட் குடுத்தாங்க, இப்ப 46 ஆயிடுச்சு, உடனே ஆபரேஷன்ங்கிறாங்க. வயசுக்கு வரட்டும், இப்ப கம்பி வெச்சா வளத்தி நின்னுடும்னு மாமியார் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. ரிப்போர்ட் அனுப்பிருக்கேன்.

அம்மா, மாமியார் சொல்றது சாதாரண கோணலுக்கு வேணா கொஞ்சம் பொருந்தும், உங்க பொண்ணுக்கு பொருந்தாது. இந்த வியாதியில முதுகு வளையறது ரெண்டு தினுசு. ஒண்ணு மத்த பசங்களுக்கு வர்றாப்லயே நீளமா, மெதுவா வளையும். இன்னொண்ணு டிஸ்ட்ரோஃபிக், எலும்பே நோஞ்சானா வளந்து நாலஞ்சு எலும்புக்குள்ளயே வெடுக்குன்னு மடங்கிடும். உங்க ரிப்போர்ட்ல வளைவு 5 எலும்புக்குள்ள இருக்கு, எலும்போட பின்பக்கம் அரிச்ச மாதிரி குழிவு இருக்கு, மூணு விலா எலும்பு மெலிஞ்சு போயிருக்குன்னு தெளிவா எழுதிருக்காங்க, இதுக்கு மேல சந்தேகமே வேணாம், இது ரெண்டாவது தினுசுதான். இதுக்கு பெல்ட் நிக்காது. பெல்ட் போட்டும் ஒரே வருஷத்துல 18 டிகிரி ஏறிருக்கு பாருங்க, இன்னும் மூணு நாலு வருஷம் வயசுக்கு வரட்டும்னு உக்காந்தா 80, 90ன்னு போய் நுரையீரலை அமுக்கும், அப்ப ஆபரேஷனும் கஷ்டம், ரிஸ்க்கும் ஜாஸ்தி.

வளத்தி பத்தி பயப்படாதீங்க. அந்த அஞ்சு எலும்பும் ஒழுங்கா வளரப் போறதே இல்ல, அதைக் கம்பியும் ஸ்க்ரூவும் வெச்சு ஒரே எலும்பா ஒட்டவெச்சா போற உயரத்தைவிட கோணி கோணி போற உயரம்தான் அதிகம். ரொம்ப சின்னப் பிள்ளையா இருந்தா, இல்ல வளைவு நீளமா இருந்தா, ஒட்டவைக்காம வளர்ற கம்பி வெச்சு ஆறு மாசத்துக்கு ஒருக்கா நீட்டிக்கிட்டே போவாங்க, காந்தத்துலயே வெளியிலேந்து நீட்டுற கம்பியும் வந்திருக்கு. உங்க பொண்ணுக்கு எதுன்னு சர்ஜன் சிடி ஸ்கேன் பாத்துட்டு சொல்லுவார். பின்னாடி வயித்துல பிள்ளை தங்குமான்னு தனியா கேட்டிருந்தீங்க, மேல் முதுகுல வைக்கிற கம்பி அதைத் தடுக்காது.

ஆனா டேட் வாங்குறதுக்கு முன்னாடி முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ எடுத்தாச்சான்னு கேளுங்க, இது முக்கியம். தண்டுவடத்தைச் சுத்தின உறை பலூனா வீங்கி எலும்பை அரிச்சிருக்கும், பக்கத்துலயே நரம்புக் கட்டி இருக்கலாம், சில பேருக்கு விலா எலும்போட தலை நழுவி தண்டுவடம் போற குழாய்க்குள்ளயே எட்டிப் பாக்கும். இது தெரியாம நிமித்துனா கால் போயிடும். அப்புறம் பிபி. ஒம்போது வயசுப் பிள்ளைக்கு எதுக்கு பிபின்னு நர்ஸே சிரிப்பாங்க, விடாதீங்க. இந்த வியாதியில கிட்னிக்கு போற ரத்தக்குழாய் சுருங்கி பிபி ஏறியிருக்கலாம், அபூர்வமா கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பியில கட்டியும் இருக்கும், மயக்க மருந்து குடுக்கறப்ப அது பெரிய வில்லங்கம். ஆபரேஷன் அப்ப தலையிலயும் காலுலயும் ஊசி மாதிரி கம்பி குத்தி நரம்பு சிக்னலை டிவியில பாத்துக்கிட்டே இருப்பாங்க, சிக்னல் குறைஞ்சா அங்கயே நிறுத்தி கொஞ்சம் தளர்த்துவாங்க. அந்த மெஷின் இருக்கற ஆஸ்பத்திரியா பாருங்க.

இன்னொண்ணும் ஒளிக்காம சொல்லிடறேன். எலும்பு மெல்லிசுங்கறதால ஸ்க்ரூ பிடிப்பு கம்மி, ஒட்டு சரியா பிடிக்காம கம்பி ஒடைஞ்சு மறுபடி ஆபரேஷன் ஆகறது மத்தவங்களைவிட இவங்களுக்கு அதிகம். ஒட்டுன பிறகும் வளைவு கொஞ்சம் கூடலாம். அதனால ஒரு தடவை பண்ணியாச்சு முடிஞ்சுதுன்னு இருக்காதீங்க, வருஷா வருஷம் எக்ஸ்ரே உண்டு. வைட்டமின் டி இப்பவே டெஸ்ட் பண்ணிடுங்க.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, அப்ரூவலுக்கு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல முன்கூட்டியே எழுதிப் போடுங்க. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆர்த்தோ ஓபியில ஆரம்பிங்க, அவங்க சொன்னா சென்னை ஜிஹெச்சோ ஜிப்மரோ வேலூர் சிஎம்சியோ போலாம்.

கேள்வி: கும்பகோணத்துலேந்து எழுதறேன். அண்ணன் பையன், 14 வயசு, இதே வியாதி, 24 டிகிரி. எலும்பெல்லாம் நல்லா இருக்குன்னு ரிப்போர்ட். அவனுக்கும் கத்திதானா?

இல்லீங்க. எலும்பு நல்லா இருந்தா சாதாரண கோணல் மாதிரிதான், பெல்ட் போட்டு வளர்ற வயசு முடியற வரைக்கும் பாக்கலாம், நாள் முழுக்க போடணும், ஸ்கூல்ல கழட்டி பையில வெச்சுக்கறது பெல்ட் போட்டதா ஆகாது. ஒரே ஒரு எச்சரிக்கை, இந்த நல்ல தினுசு நடுவுல குணம் மாறி மோசமானதா ஆகலாம். 7 வயசுக்குள்ள கோணல் ஆரம்பிச்ச பிள்ளைங்களுக்குத்தான் அது ரொம்ப அதிகம், உங்க பையனுக்கு குறைவு. ஆனாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா எக்ஸ்ரே, அதுவும் அதே சென்டர்ல நின்னபடி. படுக்கவெச்சு எடுத்ததை வெச்சு குறைஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்படக் கூடாது.

கேள்வி: திருவையாறு பக்கம் விவசாயம். 41 வயசு. உடம்பு பூரா கட்டி, சின்ன வயசுலேந்து கூன். மூணு மாசமா வரப்புல நடந்தா கால் தடுமாறுது, விறைக்குது. வர்மத்துக்கு போலாமா?

அண்ணே, போகாதீங்க. இந்த வாரமே எம்ஆர்ஐ எடுங்க. கூன் முன்பக்கமா மடங்கி தண்டுவடத்தை அழுத்துற அறிகுறி இது, முதுகை அமுக்கி இழுத்தா இருக்கற பலமும் போயிடும். ஒண்ணுக்கு அடக்க முடியல, இல்ல வரமாட்டேங்குதுன்னா அன்னிக்கே எமர்ஜென்சி. அங்க யாராவது பின்னாடி எலும்பை மட்டும் எடுத்துவிட்டா அழுத்தம் போயிடும்னு சொன்னா ரெண்டாவது கருத்து கேளுங்க, கூனுக்கு அதை மட்டும் பண்ணா தாங்கறதுக்கு எலும்பு இல்லாம கூன் இன்னும் மடங்கும். கம்பியும் ஸ்க்ரூவும் சேந்து வரணும், கூன் 50 டிகிரிக்கு மேலன்னா பல பேருக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ரெண்டு பக்கமும் பண்ணித்தான் ஒட்டவைக்கிறாங்க. ரொம்ப விறைப்பான கூனுக்கு முதல்ல தலையில வளையம் மாட்டி கொஞ்சங்கொஞ்சமா எடை ஏத்தி சில வாரம் இழுத்துட்டு அப்புறம் தியேட்டருக்கு கொண்டு போவாங்க, பாக்க பயமா இருக்கும், பேஷன்ட் அதோட வீல்சேர்ல உக்காந்து டிபன் சாப்பிடுவாங்க.

கேள்வி: கிரகணத்தப்ப வெளியில வந்ததால குழந்தைக்கு மச்சம் வந்துச்சுன்னு என்னையே திட்டுறாங்க. எங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்கும் இல்ல. — மயிலாடுதுறை வாசகி

கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. 17வது குரோமோசோம்ல ஒரு ஜீன் கோளாறு, பாதிப் பேருக்கு அப்பா அம்மா யாருக்கும் இல்லாம புதுசாத்தான் வருது. மச்சம் ஆறோ அதுக்கு மேலயோ இருந்து ஒவ்வொண்ணும் 5 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா, குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, கண் டாக்டரும் ஒருதரம் பாக்கட்டும். நடக்க ஆரம்பிச்சதும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா சட்டையைக் கழட்டி முன்னால குனியச் சொல்லி பின்னாடி நின்னு பாருங்க, ஒரு பக்கம் விலா தூக்கலா தெரிஞ்சா எக்ஸ்ரே எடுத்துடுங்க.