பொம்மையிடம் என்ன பயம்?

கேள்வி: நான் மருத்துவ மாணவன். எங்கள் கல்லூரியில் நோயாளிக்குப் பதிலாகப் பயிற்சி எடுக்க உதவும் சிமுலேட்டர் பொம்மை, கண்ணில் மாட்டும் மெய்நிகர் (VR) கண்ணாடி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள். மூத்த பேராசிரியர்கள் தொடுவதே இல்லை. 'நோயாளியிடம் கற்காததைப் பொம்மையிடமா கற்கப் போகிறாய்?' என்கிறார்கள். வயதானால் புதியதைக் கண்டாலே பயம் வந்துவிடுமா?

பதில்: வயதின் மேல் பழி போடுவது சுலபம். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் உடற்கூறியல் வகுப்பு எப்படி நடந்தது தெரியுமா? பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, பழங்கால கிரேக்க மருத்துவர் காலெனின் நூலை வாசிப்பார். கீழே வேறொருவர் பிணத்தை அறுப்பார். வெசாலியஸ் என்ற உடற்கூறியல் ஆசிரியர் கீழே இறங்கித் தானே கத்தியைப் பிடித்தார். 1543-ல், 28 வயதில், படங்களோடு புத்தகம் போட்டார். காலென் எழுதியதில் பல இடங்கள் மனித உடம்போடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். அவருடைய ஆசிரியர் சில்வியஸ் என்ன சொன்னார்? காலென் தவறவில்லையாம், அவர் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிவிட்டதாம்! சில்வியஸுக்குக் கத்தியிடம் பயமில்லை. ஆட்டம் கண்டது நாற்காலி.

உங்கள் பேராசிரியரையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கண்ணாடி கடவுச்சொல் கேட்கிறது. போடுகிறார், தவறு என்கிறது. மறுபடியும் தவறு. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, "சார், நான் பார்க்கட்டுமா?" என்கிறான். முப்பது வருடம் வார்டில் ராஜாவாக நடந்தவர் அப்புறம் அந்தக் கண்ணாடி பக்கம் போவாரா?

இதில் நிர்வாகத்துக்கும் பங்குண்டு. பொம்மையை வாங்கப் பணம் இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ள ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க மட்டும் மனமில்லை.

பொம்மையின் பயனும் சிறியதல்ல. அமெரிக்காவின் மியாமி பல்கலைக்கழகத்தார் 1968-லேயே 'ஹார்வி' என்ற இதயநோய்ப் பொம்மையைக் காட்டிவிட்டார்கள். வால்வு கோளாறுள்ள ஒரு நோயாளியின் மார்பில் ஐம்பது மாணவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், பத்தாவது ஆளிலேயே அவர் களைத்துப்போவார். பொம்மை அதே சத்தத்தை ஆயிரம் முறை கொடுக்கும், சலிக்காது.

ஆனால் உங்கள் மூத்த பேராசிரியர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தேர்ந்த மருத்துவர் வயிற்றை அழுத்தும்போது கண் வயிற்றில் இருக்காது, நோயாளியின் முகத்தில் இருக்கும். எந்த இடத்தில் புருவம் சுருங்குகிறது என்று பார்ப்பார். இதைப் பொம்மை கற்றுத்தராது, கேலி செய்யாதீர்கள்.

எனக்கு எரிச்சல் தருபவர் வேறு ஒருவர். விளக்கை அணைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடி தொண்ணூறு ஸ்லைடுகளை வரி விடாமல் வாசிக்கிறாரே, அவர். அவருக்கு 'நவீன ஆசிரியர்' என்று பெயர் வேறு! காலெனை வாசித்தவராவது பக்கத்தில் ஒரு பிணத்தை வைத்திருந்தார்.

சரி, நீங்கள் ஒன்று செய்யுங்கள். பேராசிரியரிடம் பொம்மையை இயக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். "சார், நிஜ நோயாளியிடமும் சத்தம் இப்படித்தான் கேட்குமா?" என்று கேளுங்கள். குறை கண்டுபிடிக்கவே வருவார், வரட்டும். குறை சொல்வதற்காவது அதன் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துத்தானே ஆக வேண்டும்?