வீட்டிலேயே படித்த பிள்ளைகள் நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளை எழுதியபோது அவர்களின் அனுபவம் எப்படி இருந்தது?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தையும் படித்தேன். மகனுக்குப் பதினான்கு வயது, மூன்று ஆண்டுகளாகப் பள்ளிக்கு அனுப்பவில்லை, நன்றாகப் படிக்கிறான், ஆனால் பள்ளிக்கூடத்தையே மறந்துவிட்ட பிள்ளை நாளைக்கு ஒரு பெரிய தேர்வறையில் போய் உட்கார்ந்தால் என்ன ஆவான் என்று உறவினர்கள் கேட்கும்போது உங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி உங்கள் வீட்டில் பெரும்பாலும் விசேஷ நாட்களில், இலை போட்ட பிறகுதான் வரும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்று, தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அம்மாவிடமும் அப்பாவிடமும் படித்து, என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தும் பன்னிரண்டும் முடித்து, 2018 மே 6 அன்று நீட் எழுதியவள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் ஆகவில்லை. அப்படியானால் உனக்குப் பதில் சொல்ல என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வீட்டில் படித்து வெற்றி பெற்றவர்களின் கதைகள் ஏற்கெனவே போதுமான அளவு சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2010ஆம் ஆண்டு ஐஐடி நுழைவுத் தேர்வில் பதினான்கு வயதில் அகில இந்திய அளவில் 33ஆம் இடம் பெற்ற சஹல் கௌஷிக்கை எங்கள் சித்தப்பா எத்தனை முறை எடுத்துக்காட்டினார் என்பதற்குக் கணக்கில்லை. அவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் மேதைகளை அளவுகோலாக வைத்தால் என்னைப் போன்ற, உங்கள் மகனைப் போன்ற சாதாரணப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். நீட் இருக்கலாமா கூடாதா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இங்கே கேட்கப்பட்டது அது அன்று என்பதால் அதற்குள் போகவில்லை.

எங்கள் ஆண்டில் முதல் தடை தேர்வறைக்கு வெளியிலேயே வந்தது. 2018 ஜனவரி 22 அன்று இந்திய மருத்துவக் கவுன்சில் தன் விதிமுறைகளைத் திருத்தி, திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களும் தனித்தேர்வர்களும் நீட் எழுதத் தகுதியற்றவர்கள் என்று அறிவித்தது. நான் அப்போது உயிரியல் பாடத்தை இரண்டாம் முறையாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்பா செல்பேசியில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பிப்ரவரி இறுதியில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்த பிறகே எங்களைப் போன்றவர்களுக்கு விண்ணப்பிக்க வழி பிறந்தது; மார்ச் முதல் வாரத்தில் விண்ணப்பித்தேன். அந்த வழக்கின் தீர்ப்பு தேர்வு முடிந்து ஐந்து நாள் கழித்து, மே 11 அன்று வந்தது. நீட் எழுதுவதற்கான உச்ச வயது வரம்பு செல்லும், திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தடுப்பது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அதாவது, நான் அந்த மூன்று மணி நேரமும் எழுதியது செல்லுமா செல்லாதா என்பது எழுதும்போது எனக்குத் தெரியாது. உங்கள் மகனுக்கு இந்தத் துன்பம் இல்லை. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்ட திறந்தநிலைப் பள்ளி மாணவர்களும் எழுதலாம் என்று முடிவாகிவிட்டது.

பாடம் கடினமாக இருந்ததா என்று கேட்டால், பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்கு இருந்த கூடுதல் வேலை, என்.ஐ.ஓ.எஸ். தரும் புத்தகங்கள் ஒரு வரிசையில் போக, நீட் வினாக்கள் மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை ஒட்டி வந்ததால் இரண்டையும் படிக்க வேண்டியிருந்தது. அது ஓராண்டு உழைப்பு, அவ்வளவுதான். உண்மையில் நான் தடுமாறியது பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் கற்றுக்கொண்டதே தெரியாமல் கற்றுக்கொண்டுவிடும் சின்னச் சின்ன விஷயங்களில்.

நான் வாய்விட்டுப் படிப்பவள். அப்பா நர்சரி வைத்திருக்கிறார். கறுப்புப் பாலித்தீன் பைகளில் மா, பலா, கொய்யாக் கன்றுகள் வரிசையாக நிற்கும் இடத்தில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே படிப்பேன். ஏழு ஆண்டுகள் அப்படித்தான் படித்தேன். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் வாய்மூடி உட்கார்ந்து யோசிப்பது தனியாகப் பழக வேண்டிய ஒன்று என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. விடைக்குரிய வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளைப் பற்றி மட்டும் அம்மாவுக்குக் கவலை இருந்தது. மாதிரித் தாளைத் தென்காசியில் ஐம்பது நகல் எடுத்து வந்து, கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டம் நிரப்பச் சொன்னார். முதல் நாள் ஒரு வட்டத்துக்குப் பத்து நொடி ஆனது. 180 கேள்விக்கு அரை மணி நேரம் வட்டத்துக்கே போய்விடும் என்று அம்மா கணக்குப் போட்டுக் காட்டியபோது எனக்கு வியர்த்தது. மார்ச் முடிவதற்குள் நான்கு நொடிக்குக் கொண்டுவந்தேன்.

மாதிரித் தேர்வு எழுத ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். பாடம் நடத்த வேண்டாம், டெஸ்ட் சீரிஸ் மட்டும் போதும், கட்டணம் முழுவதும் தருகிறோம் என்று அப்பா சொன்னார். படிவத்தில் பள்ளியின் பெயர் என்ற இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அங்கே இருந்தவர் டி.சி. கேட்டார். ஐந்தாம் வகுப்பு டி.சி.தான் இருக்கிறது என்றதும், "ஓபன் ஸ்கூலா? ஃபெயிலானவங்க படிக்கிறதுதானே சார், எங்க ரிசல்ட் பாதிக்கும்" என்று என் முன்னாலேயே சொல்லிப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். ஏழு ஆண்டு ஆகியும் இது ஆறவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். என்.ஐ.ஓ.எஸ். செய்முறை வகுப்புக்குத் திருநெல்வேலியில் ஒரு மையத்துக்குப் போனபோது என் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் பட்டறையில் வேலை செய்துகொண்டே படித்தவர், ஒருவர் இரண்டு குழந்தைகளின் தாய். பியூரெட் என்ற அளவுக் குழாயின் திருகை எப்படிப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழும் என்று என் கையைப் பிடித்துக் காட்டியது அந்த அக்காதான். வீட்டில் படித்த எனக்கு அதுவரை பியூரெட்டைத் தொட்ட பழக்கமே இல்லை. தேர்ச்சி பெறாமல் போனவர்கள் மறுபடி படிக்க வருவதில் என்ன இழிவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோர்களில் சிலரும் "நாங்கள் அவர்களைப் போல் அல்ல, விருப்பப்பட்டு வந்தோம்" என்று விலகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் மகனுக்கு அதைக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் நடுவில் நுழைவுச்சீட்டு வந்தது. நான் கேட்ட திருநெல்வேலியும் இல்லை, மதுரையும் இல்லை, எர்ணாகுளம். அந்த ஆண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரைக் கேரளாவுக்கும் ராஜஸ்தானுக்கும்கூட அனுப்பினார்கள். தமிழ்நாட்டிலேயே மையம் ஒதுக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வெளிமாநிலம் போகிறவர்களுக்கு ஆயிரம் ரூபாயும் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணமும் தருவதாக மாநில அரசு அறிவித்தது. அதை எங்கே, யாரிடம் போய்க் கேட்பது என்று பள்ளியில்லாத எங்களுக்குத் தெரியவில்லை, அப்பாவும் கேட்கப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, புனலூர், கோட்டயம் வழியாகப் பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலை வாசலில் நின்ற கூட்டத்தில் எல்லோரும் முதலில் கேட்டது "எந்த ஸ்கூல்?" என்பதைத்தான். வீட்டில் படித்தேன் என்று இரண்டு பேரிடம் சொன்னேன். மூன்றாவதாகக் கேட்ட ஒரு அம்மாவிடம் பேசாமல் திரும்பிக்கொண்டேன். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். பூப்பெய்தியபோது ஆச்சி போட்டுவிட்டது. திருகாணி இறுகிப்போய் அப்பாவின் கைக்கு அசையவில்லை. மையத்துக்கு எதிர்வீட்டுப் பெண்மணி ஒருவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்து, மெல்லத் திருகி எடுத்தார். அதை ஒரு காகிதத்தில் மடித்து அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 9.30 மணிக்கு வாசலை அடைத்தார்கள்.

அறையில் முதலில் இயற்பியலைத் திறந்தேன். மூன்றாவது கேள்வியில் கண்காணிப்பாளர் வந்து மேசையைத் தட்டி மலையாளத்தில் ஏதோ சொன்னார். சொல் புரியவில்லை, விரலை உதட்டில் வைத்ததால் பொருள் புரிந்தது. என்னை அறியாமல் உதடு அசைந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கத்துப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் செய்தது சரிதான். ஆனால் அந்தத் தட்டலுக்குப் பிறகு எனக்கு யோசிக்கவே வரவில்லை. கேள்வியைப் பார்க்கிறேன், எழுத்துத் தெரிகிறது, உள்ளே ஒலி இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தில் பத்து நிமிடம் போனதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு தாளைப் புரட்டி உயிரியலுக்குப் போனேன். அங்கே சர்க்கரைவள்ளிக்கிழங்கு எதன் உருமாற்றம் என்று ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்தில் கொடியை வெட்டி நட்டு, கணுவிலிருந்து வேர் இறங்குவதை மண்ணைத் தள்ளிப் பார்த்து, அது பருத்துக் கிழங்கானதைத் தோண்டி எடுத்தவள் நான். வேற்றிட வேர் என்று நிரப்பியபோது கையில் ஈர மண் ஒட்டியிருப்பது போல் இருந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சு சீரானது. மீதி நேரம் முழுவதும் தொடையில் விரலால் எழுதி எழுதி, உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு எழுதி முடித்தேன்.

வந்த மதிப்பெண் 287. அதில் 231 உயிரியலில் வந்தது. பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் அந்த ஆண்டு 119 என்பதால் தேர்ச்சிதான். ஆனால் அரசு இடம் கிடைக்கவில்லை, தனியார் கல்லூரிக் கட்டணம் எங்கள் கைக்கு எட்டாதது. திரும்பி வரும் பேருந்தில்தான், அதே எர்ணாகுளத்தில் இன்னொரு மையத்தில் மகன் எழுதிக்கொண்டிருந்தபோதே தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த தந்தை மாரடைப்பில் இறந்த செய்தியைக் கேட்டோம். புனலூர் தாண்டும் வரை அப்பாவின் கையை நான் விடவில்லை. மறு ஆண்டு மீண்டும் எழுதச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தாவரவியல் எடுத்துப் படித்தேன், முதுகலையும் முடித்தேன். முதல் வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டபோது எப்படிப் பதில் சொல்வது என்று பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது.

ஆகவே உங்கள் உறவினர்கள் பயப்படுவது முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக் கல்வி என் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது, ஒரு பகுதியைக் கொடுத்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எடுத்துக்கொண்ட பகுதியைப் பழக்கத்தால் ஈடுசெய்திருக்க முடியும் என்று உறுதியாகச் சொல்வேன். சான்றிதழ், பதிவு போன்ற தாள்களை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். மால்விகா ஜோஷி என்ற மும்பைப் பெண் பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாட்டில் மூன்று பதக்கம் வாங்கியும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடியில் சேர முடியாமல் 2016இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போனார். பதினான்கு வயது முடிந்தால் என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பன்னிரண்டில் ஐந்து பாடங்கள் எடுக்கச் சொல்லுங்கள், ஐஐடிக்கு அது கட்டாயம். செய்முறை வகுப்புகளை ஒன்றுகூடத் தவறவிட வேண்டாம்.

மற்றபடி, உங்கள் மகன் எப்படிப் படிக்கிறான் என்று இந்த வாரம் ஒரு நாள் அவனுக்குத் தெரியாமல் கவனித்துப் பாருங்கள்: நடக்கிறானா, முணுமுணுக்கிறானா, இடையில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறானா. பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் நூலகமோ தெரிந்தவரின் டியூஷன் அறையோ, வீடாக இல்லாத ஓர் இடத்தில், முன்பின் தெரியாத நாலு பிள்ளைகளுக்கு நடுவில், காலை பத்து முதல் ஒன்று வரை அவனை எழுந்திருக்காமல் உட்காரவைத்து ஒரு பழைய வினாத்தாளை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் அறைக்குள் இருக்க வேண்டாம், வெளியே நில்லுங்கள்.