குதிரைப் பாதையில் புது கேட், புது பூட்டு: கேட்க உரிமை உண்டா?

கேள்வி: இங்கிலாந்தில் சர்ரே கவுண்டியில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. ஊர் லாயத்தில் அவளுக்கு ஒரு குதிரை இருக்கிறது. லாயத்துக்கு எதிரே காட்டோரமாகப் போகும் மண்பாதையில் ஆறு வருடமாகச் சவாரி போகிறாள். ஊர்க்காரர்கள் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே குதிரையில் போய்வருகிறார்களாம். பழைய நில உரிமையாளர் பார்த்தால் கையசைப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். போன மாதம் நிலம் கைமாறியது. புதியவர் கேட் போட்டுப் பூட்டி, "தனியார் நிலம், குதிரைகளுக்கு அனுமதி இல்லை" என்று போர்டும் மாட்டிவிட்டார். அவர் அப்படிச் செய்யலாமா? எந்தப் பாதையில் போகலாம், எதில் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: போர்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கவுண்டி கவுன்சிலிடம் இருக்கும் டெஃபினிட்டிவ் மேப். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தயாரிக்கப்பட்ட பொதுப்பாதைப் பதிவு அது. அதில் ஒரு பாதை பிரைடில்வே என்று இருந்தால், அங்கே குதிரைக்கு உரிமை உண்டு என்பதற்கு அதுவே முடிவான சாட்சியம். நிலம் எத்தனை கைமாறினாலும் அந்த உரிமை போகாது.

ஃபுட்பாத் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வே, மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத ரெஸ்ட்ரிக்டட் பைவே, எல்லா வண்டிகளுக்கும் திறந்த பைவே ஆகிய மூன்றிலும் உங்கள் மகள் குதிரையில் போகலாம். பாதையோர அம்புக்குறி ஃபுட்பாத்துக்கு மஞ்சள், பிரைடில்வேக்கு நீலம். நாட்டின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்று வாங்கி வையுங்கள். அதில் பச்சை நிறத்தில் குட்டைக் கோடுகளாகப் போவது ஃபுட்பாத், நீளக் கோடுகளாகப் போவது பிரைடில்வே. கறுப்பில் வரைந்த பாதை, தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அதை நம்பிக் குதிரையை இறக்க வேண்டாம். அப்புறம், ஓப்பன் ஆக்சஸ் நிலம் (பாதையை விட்டு விலகியும் பொதுமக்கள் உலாவக்கூடிய திறந்தவெளி) என்று குறித்த இடங்களைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே உரிமை கொடுத்தது பொதுவாக நடப்பவர்களுக்குத்தான்.

உங்கள் பாதை பதிவில் பிரைடில்வேயாக இருந்தால் வேலை சுலபம். 1980ஆம் ஆண்டு ஹைவேஸ் சட்டத்தின் 137ஆவது பிரிவுப்படி பாதையை அடைப்பது குற்றம். 130ஆவது பிரிவு, பொதுப்பாதையைக் காக்கும் கடமையை கவுன்சில் மேல் வைக்கிறது. மக்களைத் தடுக்கும் பொய்யான போர்டு வைப்பதும் குற்றம்தான். பூட்டும் போர்டும் தெளிவாகத் தெரியும் புகைப்படங்களோடு கவுன்சிலில் பொதுப்பாதைகளைக் கவனிக்கும் ரைட்ஸ் ஆஃப் வே அதிகாரிக்கு எழுதுங்கள்.

பதிவில் ஃபுட்பாத் என்று இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ மனம் தளர வேண்டாம். 1950களில் பாதைகளைக் கணக்கெடுத்தது பெரும்பாலும் அந்தந்த பேரிஷ் கவுன்சில்கள், அதாவது ஊர் அளவிலான உள்ளாட்சி மன்றங்கள். அதனால்தான் ஒரு பேரிஷில் பிரைடில்வேயாக வரும் பாதை அடுத்த எல்லையில் ஃபுட்பாத்தாக மாறிவிடுவதை இன்றும் பார்க்கிறோம். ஃபுட்பாத் என்ற பதிவு அதற்கு மேற்பட்ட உரிமை இல்லை என்று சொல்வதாகாது. ஹைவேஸ் சட்டத்தின் 31ஆவது பிரிவுப்படி, பொதுமக்கள் ஒரு பாதையில் 20 ஆண்டுகள் தடையில்லாமல், பலவந்தமோ ஒளிவுமறைவோ அனுமதியோ இல்லாமல் குதிரையில் போயிருந்தால், அது பிரைடில்வேயாகக் கொடுக்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பூட்டுப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உங்கள் மகளின் ஆறு வருடம் போதாதே என்று யோசிக்காதீர்கள். ஒருவரே 20 ஆண்டும் போயிருக்கத் தேவையில்லை. பலருடைய வருடங்கள் சேர்ந்து அந்தக் காலம் முழுவதையும் மூடினால் போதும்.

பழைய உரிமையாளர் கையசைத்தது அனுமதி ஆகுமா? ஆகாது. பொறுத்துக்கொள்வது வேறு, அனுமதிப்பது வேறு. சன்னிங்வெல் கிராமத்து நில வழக்கில் 1999இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் லாயத்துக்காரரிடம் ஒன்றை நேராகக் கேளுங்கள்: பாதைக்காக அவர் எப்போதாவது அனுமதி வாங்கினாரா, பணம் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அந்த லாயத்துக் குதிரைகளின் சவாரிக் கணக்கு பலவீனமாகும். அப்போது மற்ற ஊர்க்காரர்களின் சாட்சியம்தான் கைகொடுக்கும்.

கவுன்சிலிடம் இன்னொரு பதிவேடும் உண்டு. "இவற்றைத் தவிர வேறு பாதை எதையும் பொதுமக்களுக்கு விடும் எண்ணம் எனக்கில்லை" என்று நில உரிமையாளர்கள் அதில் அறிவிப்புக் கொடுத்து வைக்கலாம். பழையவர் அப்படிக் கொடுத்திருந்தால் 20 ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியோடு நின்றுவிடும். அப்போது அதற்கு முந்தைய 20 ஆண்டுகளுக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கும். ஆகவே இதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். "அப்படி விடும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை" என்று பழையவரிடம் புதியவர் இப்போது ஒரு கடிதம் வாங்கிக் காட்டினால் அது போதாது. மறுக்கும் எண்ணம் அந்தக் காலத்திலேயே பாதையில் போனவர்களுக்குத் தெரியும்படி வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டு காட்மன்செஸ்டர் தீர்ப்பு.

சாட்சியப் படிவங்கள் கவுன்சிலிலேயே கிடைக்கும். ஒவ்வொருவரும் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை போனார், எவ்வளவு அடிக்கடி, குதிரையிலா நடந்தா, வழியில் கேட் இருந்ததா, யாராவது தடுத்தார்களா என்று எழுதி, பாதையை வரைபடத்தில் வரைந்து கையெழுத்திட வேண்டும். வயதான சவாரிக்காரர்களிடம் முதலில் போங்கள். 1990களில் எடுத்த புகைப்படம், லாயத்து டைரி எதுவும் வீண்போகாது. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியில் இதற்கு உதவும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

பதிவைத் திருத்தக் கேட்கும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. நில உரிமையாளருக்கு நீங்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 12 மாதத்துக்குள் கவுன்சில் முடிவெடுக்காவிட்டால், எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்கலாம். மறுத்தால் அந்த நோட்டீஸ் கிடைத்த 28 நாளுக்குள் மேல்முறையீடு. ஆனால் நடைமுறையில் இது வருடக்கணக்கில் இழுக்கும் வேலை.

அதுவரை பூட்டை உடைக்கவோ வேலியைச் சுற்றிக்கொண்டு நுழையவோ வேண்டாம். உரிமை உறுதியாகும் முன் அது அத்துமீறலாகப் பார்க்கப்படும், கோர்ட் தடையுத்தரவு வரைக்கும் போகலாம். மகள் சாலையில் சவாரி போக நேர்ந்தால், ஹைவே கோட் என்ற சாலை விதிக் கையேடு கார்க்காரர்களுக்குச் சொல்வதைத் தெரிந்துவைத்திருக்கட்டும்: குதிரையைக் கடக்கும்போது வேகம் மணிக்கு 10 மைலுக்கு மேல் கூடாது, இடைவெளி குறைந்தது 2 மீட்டர்.