பயிர் நோயியலில் எம்.எஸ்சி. சேர விடலாமா? ஒரு அப்பாவின் கேள்விக்குப் பதில்

ஐயா, மகள் பி.எஸ்சி. அக்ரி மூன்றாம் வருடம் முடிக்கப் போகிறாள், பேங்க் பரீட்சைக்குப் படி என்றால் காதில் வாங்காமல் செடிக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் வேதிப்பொருள்களில்தான் ஆராய்ச்சி பண்ணுவேன் என்கிறாள், இது சோறு போடுமா, நாள் முழுக்க மருந்தோடு புழங்கினால் பொம்பளப் பிள்ளை உடம்பு என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். படிக்க விடுங்கள். ஆனால் யாரிடம் சேர்கிறாள் என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

முதலில் உடம்பு பற்றிய பயம். பாப்பா பேசுகிற வேதிப்பொருள்கள் பெரும்பாலும் நீங்கள் நினைக்கிற பூச்சிமருந்து வகை இல்லை. இதில் அதிகம் அடிபடும் பெயர் சாலிசிலிக் அமிலம். முகப்பரு க்ரீமில் இருக்கிறதே, அதே சரக்குதான், செடியே தனக்குள் தயாரித்துக்கொள்வதும் கூட. 1979-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.எஃப். ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள், சாலிசிலிக் அமிலத்திலிருந்து செய்கிற ஆஸ்பிரின் கரைசலை ஊசியால் ஏற்றிவிட்டு மொசைக் வைரஸைத் தடவிப் பார்த்தார். இலையில் விழுந்த புள்ளிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆஸ்பிரின் வைரஸைக் கொல்லவில்லை. திருடன் வருகிறான் என்று ஊருக்குள் தண்டோரா போட்ட மாதிரி, செடி தன் தற்காப்புப் புரதங்களை முன்கூட்டியே தயார்செய்துகொள்ளக் காரணமாக இருந்தது, அவ்வளவுதான். லேபில் வேறு ரசாயனங்களும் கிருமிகளும் இருக்கும், கையுறை, கோட்டு, கண்ணாடி போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், ஆனால் எந்தக் கெமிஸ்ட்ரி லேபிலும் அப்படித்தானே.

சரி, சோறு போடுமா? ஜப்பானைப் பாருங்கள். பூஞ்சையால் வருகிற நெல் குலை நோய்க்கு அங்கே 1970-களிலிருந்து புரோபெனசோல் என்ற மருந்து புழக்கத்தில் இருக்கிறது. நாற்றுத் தட்டிலேயே குருணையாகப் போட்டுவிடுகிறார்கள். அது பூஞ்சையை நேரடியாகத் தாக்குவது மிகக் குறைவு, நெற்பயிரைத்தான் உசுப்பிவிடுகிறது. கிருமியைக் கொல்லும் மருந்துகளுக்குச் சில வருடங்களிலேயே கிருமி பழகிவிடுவது நம்மூர் விவசாயிக்குப் புதிதல்ல. புரோபெனசோலோ இத்தனை வருடத்துக்குப் பிறகும் வேலை செய்கிறது. அதனால்தான் கம்பெனிகள் இந்தப் பக்கம் காசு போடுகின்றன.

ஆனால் இந்த மருந்துகளை யார் வேண்டுமானாலும் வாங்கி அடித்துவிட முடியாது, பாப்பாவுக்கு வேலை இருப்பதும் அந்த இடத்தில்தான். நோய் வந்த பிறகு அடித்தால் பெரிய பிரயோஜனம் இல்லை, சில நாள் முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும். அளவு கூடினால் இலை கருகும். நோயே வராத வயலில் அடித்தால் செடி தன் தெம்பைத் தற்காப்புக்குச் செலவழித்துவிட்டு விளைச்சலில் குறைத்துவிடும், கோதுமையில் 2000-ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். போதாததற்கு, செடிக்குள் சாலிசிலிக் அமிலம் வழியாக நடக்கிற தற்காப்பைத் தூண்டினால், இலையைத் தின்னும் புழுவை எதிர்க்க ஜாஸ்மோனிக் அமிலம் என்ற வேறொரு பொருள் வழியாக நடக்கிற தற்காப்பு பல சமயம் மட்டுப்பட்டுப் போகும். எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, எத்தனையாவது நாளில், எவ்வளவு என்பதை வயலில் நின்று நிரூபித்துக் காட்ட ஆள் வேண்டும். அந்த ஆளாக அவள் ஆக வேண்டும்.

அதற்கு என்ன உழைப்பு என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சாலிசிலிக் அமிலம் பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது. லிட்டருக்கு 138 மில்லிகிராம் எடுத்து, கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து, தொட்டித் தக்காளிக்கு அடிக்க வேண்டும். அப்புறம் கிருமியைத் தெளித்துவிட்டு 24, 48, 72 மணி நேரம் என்று இலை பறித்து, ஐஸில் வைத்த கல்வத்தில் அரைத்து, பெராக்ஸிடேஸ் மாதிரி தற்காப்பு என்சைம்கள் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று அளக்க வேண்டும். அந்த நேரக்கணக்கு நடு ராத்திரியில் வந்து நிற்கலாம், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காது. அத்தனையும் முடித்துவிட்டுப் புள்ளியியலில் கோட்டைவிட்டால் தீசிஸ் நிற்காது. உயிர்வேதியியலும் புள்ளியியலும் அவளுக்கு எப்படி வருகின்றன என்று கேளுங்கள். அந்த இரண்டில் மார்க் குறைவென்றால் இந்த ஒரு வருடத்தில் தேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்லூரிப் பெயரைவிட கைடு முக்கியம் என்று சொல்வேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தாலும், யாரிடம் புராஜெக்ட் நிதி இருக்கிறது, யாருடைய மாணவர்கள் குறித்த காலத்தில் முடிக்கிறார்கள் என்று சீனியர்களிடம் போன் போட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். திருச்சி வாழை ஆராய்ச்சி மையம் மாதிரி இடங்களில் வாடல் நோய் வேலையும் நடக்கிறது, அங்கே சில வாரம் போய்ப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஐ.சி.ஏ.ஆர். என்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுகலை நுழைவுத் தேர்வையும் கட்டாயம் எழுதட்டும்.

பேங்க் கதவு ஒன்றும் மூடிவிடாது. பி.எஸ்சி. அக்ரி கையில் இருப்பதால் வங்கிகளுக்கு ஆள் எடுக்கிற ஐ.பி.பி.எஸ். வேளாண் அதிகாரி தேர்வும் டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் தேர்வும் வயது வரம்புக்குள் இருக்கும்வரை எழுதலாம், எம்.எஸ்சி. முடித்தால் கே.வி.கே. எனும் வேளாண் அறிவியல் நிலையத்தில் பாட வல்லுநர் பணிக்கும் தகுதி வரும். தனியாரில் களச் சோதனை, மருந்தை அரசிடம் பதிவு செய்யும் வேலை என்று இரண்டு பக்கம். இந்தப் பதிவு வேலையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. 2021-இல் உயிரூக்கிகளை, அதாவது பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களை (பயோஸ்டிமுலன்ட்), மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டது, நோயைக் கட்டுப்படுத்தும் என்று பாட்டிலில் எழுதினாலோ 1968-ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்துவிடும், இரண்டுக்கும் சோதனைத் தரவு கொடுத்தாக வேண்டும். தரவைப் படித்து எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

கடைசி வருடத்தில் அவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். அப்போது உரக்கடையில் 'எதிர்ப்புச் சக்தி' என்று விற்கிற பாட்டில்களின் லேபிளையெல்லாம் போட்டோ எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது, பதிவு எண் இருக்கிறதா, விவசாயி எந்த நாளில் அடித்தார் என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். எம்.எஸ்சி.க்கு என்ன தலைப்பு என்று கைடு கேட்கும்போது அந்த நோட்டை எடுத்து வைக்கட்டும்.