மதுரை மாதிரி ஊரில் பாக்கெட்டில் மல்டிடூல் கத்தி வைத்துக்கொள்வது தேவையா? போலீஸ் பார்த்தால் சிக்கலா? எதை வாங்கலாம்?

கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. பிளேடு, கத்திரி, திருப்புளி எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் மடங்கும் இந்த மல்டிடூல் கத்தியால் தினமும் கூடவே வைத்திருக்கும் அளவுக்குப் பயன் உண்டா, போலீஸ் சோதனையில் பார்த்தால் சிக்கல் வருமா, வாங்குவதென்றால் எதை வாங்குவது. நான் பல வருஷமாக வைத்திருக்கிறேன். பயன் நிச்சயமாக உண்டு. ஆனால் கத்தியைப் பார்த்து வாங்காதீர்கள். அதில் இருக்கும் கத்திரியையும் திருப்புளியையும் பார்த்து வாங்குங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஊருக்குள் இருக்கும் நாட்களில் என் கத்தியின் பெரிய பிளேடைத் திறப்பதே அபூர்வம். வேலை முழுக்கக் கத்திரிக்குத்தான். ஓட்டல் பார்சலில் சாம்பார் பையின் வாயை நூலால் இறுக்கிச் சுற்றித் தருவார்களே, அதைப் பல்லால் கடிக்காமல் கத்திரியின் நுனியை நூலுக்கு அடியில் கொடுத்து ஒரு நறுக்கு நறுக்கினால் முடிந்தது. அம்மாவின் மாத்திரை அட்டையில் காலைக்கும் ராத்திரிக்கும் தனித்தனியாக வெட்டி வைப்பது, புதுத் துணியில் தொங்கும் பிளாஸ்டிக் டேக், சாமி படத்துக்கு மாலை போட்டபின் மிஞ்சும் நார், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் நோட்டுக்குப் படம் என்று கத்திரி ஓயாது. கொரியர் பெட்டியின் டேப்பைக் கிழிக்க மட்டும் சின்ன பிளேடு.

அடுத்தது திருப்புளி. குக்கர் கைப்பிடி ஆடாத வீடு எங்கே இருக்கிறது? சமைக்கும்போது பார்ப்போம், டூல்பாக்ஸ் பரண் மேல் இருக்கும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுவோம். அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் மறுநாளும் கொதிக்கிற குக்கரை இறக்குவார்கள். கையெட்டும் இடத்தில் திருப்புளி இருந்தால் பார்த்த இடத்திலேயே நின்று இறுக்கிவிடலாம். கதவுத் தாழ்ப்பாள், மூக்குக் கண்ணாடி, மிக்ஸி ஜாரின் கைப்பிடி எல்லாமே இதே ரகம். பெரிய ரிப்பேர் எதையும் இந்தக் கத்தி செய்துவிடாது. சின்ன வேலைகளைத் தள்ளிப்போட விடாது. என் வீட்டில் அது பெரிய மாற்றம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சுவிட்ச் போர்டு, பிளக் பாயின்ட், தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி இதிலெல்லாம் மெயினை அணைக்காமல் இந்தக் கத்தியைக் கொண்டுபோகவே கூடாது. மேலே சிவப்பு பிளாஸ்டிக் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். அது மின்காப்பு அல்ல. எல்லாக் கருவியும் உள்ளே ஒரே உலோகச் சட்டத்தில் கோத்தவை. திருப்புளியின் நுனியில் வரும் கரன்ட் அந்தச் சட்டம் முழுக்க நிற்கும், அதன் விளிம்பில்தான் உங்கள் விரல் படும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போனால் கதை மாறும். அங்கே முதல் உபயோகம் முள்வாங்கி. கைப்பிடியின் ஓரத்தில் சொருகியிருக்கும் அந்தச் சின்ன இடுக்கியை நகரத்தில் பலர் வெளியே எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள். சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற பூமியில் அதன் அருமை தெரியும். ஒருமுறை ஆட்டுக்கிடை போட வந்த பெரியவர் ஒருவர் வரப்பில் உட்கார்ந்து குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஒடிந்து, தோலோடு தோலாகக் கருப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஊசியைத் தீக்குச்சியில் காட்டி, மேல்தோலை லேசாக விலக்கியதும் முள்ளின் தலை கிடைத்தது. முள்வாங்கியால் பற்றி, தைத்த சாய்விலேயே மெதுவாக இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் மறுபடி ஒடியும். வந்துவிட்டது. அவர் முள்ளைப் பார்க்கவில்லை, கத்தியைத்தான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா தம்பி, முள்வாங்கியக் கத்திக்குள்ள சொருகி வச்சிருக்க?" என்றார். "ஆமாங்கய்யா, குத்தூசியும் இருக்கு" என்று திறந்து காட்டினேன். டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

அவர் ஆச்சரியப்பட்டதில் நியாயம் இருக்கிறது. என் தாத்தா இடுப்பில் அரைஞாண் கயிற்றில் ஒரு சின்ன இரும்பு வளையம் தொங்கும். அதில் முள்வாங்கி, ஒரு ஊசி, காது குறும்பி எடுக்கும் கரண்டி மூன்றும் கோத்திருக்கும். மடியில் பாக்குவெட்டி தனி. கருவிகளை உடம்போடு வைத்துக்கொள்வது நம் பக்கத்துக்குப் புதிதே இல்லை. முழுக்கால் சட்டைக்கு மாறியபோது நாம் விட்டுவிட்ட பழக்கம் அது.

குத்தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்துக் கம்பெனியான விக்டோரினாக்ஸின், மடக்கிய நீளம் 91 மில்லிமீட்டர் உள்ள கத்திகளின் பின்பக்கம் இருக்கும் குத்தூசியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் சணலைக் கோத்தால் கிழிந்த சாக்கைத் தைத்துவிடலாம், கோணி ஊசி தேட வேண்டாம். பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போடலாம், அறுந்த செருப்பு வாரைக் கட்டி வீடு வந்து சேரலாம். சில மாடல்களில் இந்தக் குத்தூசிக்குப் பக்கத்தில் ஒயின் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கும் சுருள் கம்பி வரும். நமக்கு எதற்கு என்று தோன்றும். தார்ப்பாய்க் கயிறு மழையில் நனைந்து முடிச்சு இறுகிப்போனால் அந்தச் சுருள் கம்பியை முடிச்சுக்குள் திருகி நெம்பிப் பாருங்கள், கயிற்றை அறுக்காமலே அவிழும். கண்ணாடிக்கான மிகச் சின்னத் திருப்புளி ஒன்றையும் அந்தச் சுருளுக்குள்ளேயே திருகி வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கத்தியின் அமைப்பு தெரிந்தால் எதைச் செய்யக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் 1884ல் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது. 1891ல் அந்நாட்டு ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுத்தார். 1897ல் பதிவு செய்த ஆபீசர் கத்தியில்தான் அவர் யோசனை முழுசாக வந்தது. ஒரே வில்பட்டையை வைத்து முன்பக்கமும் பின்பக்கமும் கருவிகளை நிறுத்தினார். எடை கூடாமல் கருவி கூடியது அப்படித்தான். ஆனால் பிளேடைத் திறந்த நிலையில் நிறுத்துவதும் அந்த வில்லின் அழுத்தம் மட்டுமே, பூட்டு கிடையாது. நம் ஊர் வில்லுக்கத்தியும் அப்படித்தான். ஆகவே கீழ்நோக்கி அழுத்தி அறுக்கலாம், சீவலாம். குத்தவோ, தேங்காய்ச் சில்லை நெம்பவோ கூடாது. முதுகுப்பக்கம் அழுத்தம் வந்தால் பிளேடு மடங்கி விரல் மேலேயே விழும்.

கட்டிங் பிளேயர் உள்ள பெரிய ரகம் வேறு கதை. அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1975ல் ஒரு பழைய ஃபியட் காரில் மனைவியோடு ஊர் சுற்றியபோது, கையில் இருந்த பாக்கெட் கத்தியில் பிளேயர் இல்லாமல் தவித்தார். அதிலிருந்து பிறந்த எண்ணம்தான் 1983ல் கம்பெனியானது. வேலி கட்டுபவர், வயரிங் செய்பவர், ஜெனரேட்டர் பார்ப்பவர் இவர்களுக்கெல்லாம் அது கொடை. அலுவலகம் போய் வருகிற ஒருவருக்கு அது சுமை. லெதர்மேனின் வேவ் போன்ற மாடல் கால் கிலோவை நெருங்கும். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும், வேட்டி கட்டுகிறவர்கள் மடியில் வைக்கவே முடியாது. இடுப்பில் உறை போட்டு மாட்டினால் பார்க்கிறவர்கள் கண் அங்கேயே போகும். வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது ஸ்பேனருக்கு மாற்று இல்லை. பிளேயரால் நட்டைத் திருகினால் முனை மழுங்கி, அப்புறம் ஸ்பேனரும் பிடிக்காது.

சரி, எதை வாங்கலாம்? சாவிக்கொத்தோடு போவது போதுமென்றால் விக்டோரினாக்ஸ் கிளாசிக். நீளம் 58 மில்லிமீட்டர், எடை சுமார் 20 கிராம். கத்திரி, குட்டி பிளேடு, நகம் தேய்க்கும் அரம், அதன் நுனியில் திருப்புளி, முள்வாங்கி. நகரத்தில் பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. வீட்டு ரிப்பேரும் செய்கிறவர் என்றால் 91 மில்லிமீட்டரில் சூப்பர் டிங்கர். நான் வைத்திருப்பது அதுதான். கத்திரி இருக்கிறது, சுருள் கம்பிக்குப் பதிலாக ஸ்டார் திருப்புளி இருக்கிறது. நம் வீட்டு ஸ்க்ரூக்களில் பாதிக்கு மேல் ஸ்டார்தான். தோட்டம் உள்ளவர் ஹண்ட்ஸ்மேன் பார்க்கலாம், அதில் சின்ன ரம்பம் உண்டு, கவாத்துக்கு உதவும். ஸ்டார் திருப்புளி அதில் இல்லை, ஆனால் டப்பா திறப்பானின் நுனி சின்ன ஸ்டார் ஸ்க்ரூவில் நன்றாகவே உட்காரும். பார்க்க அச்சு அசலாக இருக்கும் மலிவுச் சரக்கு ஏராளம் கிடைக்கிறது. திருப்புளியின் நுனி முதல் இறுக்கிலேயே முறுக்கிக்கொள்ளும், கத்திரி நூலை அறுக்காமல் மடிக்கும். வாங்கும் இடத்திலேயே ஒரு தையல் நூலைக் கத்திரியின் நுனியால் வெட்டிப் பாருங்கள். அதில் தெரிந்துவிடும்.

சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடைத்தான் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நாம் பேசுகிற கத்தியின் பிளேடு 3 அங்குலம்கூட வராது. ஆனால் அளவு மட்டுமே எல்லாம் இல்லை. ஒரு தகராறில் கையில் இருந்தால் எந்தச் சின்னக் கத்தியும் ஆயுதம்தான், வழக்கும் அப்படித்தான் வரும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன சீமை இது. இங்கே பொது இடத்தில் பிளேடை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் மனதில் என்ன ஓடும் என்பதை நாம் யோசிக்க வேண்டும். பஸ்ஸில் பழம் நறுக்க வேண்டாம். ராத்திரி வாகனச் சோதனையில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மடக்கிய நிலையிலேயே எடுத்துக் கொடுத்து, முதலில் கத்திரியைத் திறந்து காட்டினேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

கொண்டுபோகக் கூடாத இடங்கள் உண்டு. மீனாட்சியம்மன் கோவிலில் 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போனுக்கே அனுமதி இல்லை, வாசலில் மெட்டல் டிடெக்டரும் சோதனையும் இருக்கும். கோவிலுக்குப் போகிற நாள் கத்தி வீட்டில் இருக்கட்டும். ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளை, கலெக்டர் ஆபீஸ், தேர்வு மையம் இவற்றுக்கும் அதே. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் அந்தக் கூட்டத்துக்குள் எந்தக் கூர்மையான பொருளும் வேண்டாம். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறந்து கைப்பையோடு போனால் சோதனைக்காரர் வாங்கிப் போட்டுவிடுவார், திரும்பி வராது.

ஒருவருக்குக் கொடுக்கும்போது பெரியவர்கள் சொன்ன முறையே நல்ல முறை. கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சண்டை வருமோ என்னவோ, கை அறுபடாது. மடக்கி, மேஜையில் வையுங்கள். அவர் எடுத்துக்கொள்வார்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மதுரைப் புழுதியும் வியர்வையும் மூட்டுக்குள் சேர்ந்து திறக்கக் கனமாகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீருக்குள் வைத்து ஒவ்வொரு கருவியையும் திறந்து மூடினால் அழுக்கு வெளியே வரும். நன்றாகக் காயவிட்டு மூட்டில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, பிளேடைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இதைக் கொடுக்க வேண்டாம். மெல்லிய பிளேடு சுழலும் கல்லில் சூடேறிப் பதம் போய்விடும், தேவைக்கு மேல் தேயவும் செய்யும். எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 56 அளவுதான், வீட்டுத் தீட்டுக்கல்லிலேயே சுலபமாக ஏறும். கல்லுக்கும் பிளேடுக்கும் இடையில் 15லிருந்து 20 டிகிரி சாய்வு, இரண்டு பக்கமும் சமமாக. நம் ஊர் இரும்புக் கத்தி இதைவிடக் கூர்மையைத் தாங்கும், உண்மைதான். ஆனால் மாங்காய் நறுக்கினால் கறுக்கும், ஈரத்தோடு மடக்கினால் மறுநாளே துரு. பாக்கெட்டில் கிடக்க வேண்டிய பொருளுக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் சரி.

இன்னும் முடிவுக்கு வரவில்லை என்றால், காசு போடுவதற்கு முன் ஒரு மாதம் வீட்டில் இருக்கும் சின்னக் கத்திரி ஒன்றையும் குட்டித் திருப்புளி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கத்திரியை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் கிளாசிக். திருப்புளியும் சமமாக வெளியே வருகிறதென்றால் சூப்பர் டிங்கர். இரண்டுமே பைக்குள் அப்படியே கிடந்தால் வாங்க வேண்டாம், அந்தக் காசில் வீட்டுக்கு ஒரு நல்ல டூல்பாக்ஸ் வாங்கி, பரணில் போடாமல் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.