ஒரு நாள் அளவும் ஒரு மாத ஏடும்: குணம் அறிவது பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, இன்று எங்கெங்கோ இருக்கும் நம் குழுவில் போன வாரம் ஒரு பேச்சு சூடு பிடித்தது. அன்றாட நடத்தையை வைத்து ஒருவர் குணத்தைச் சொல்லிவிட முடியுமா என்பதுதான் அது. கேள்விகளை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். என்னை அறியாத இளையவர்களுக்கு: அப்பா ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் கிராணியாக (எழுத்தராக) இருந்தார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கடைசிப் பல ஆண்டுகள் மாணவர் ஆலோசனைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவள்.

கேள்வி (ஈப்போவில் வேலை செய்யும் பெண்): டீச்சர், எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். முடிவு சொல்வதற்கு முன் இரண்டு முறை வெளியே சந்தித்துப் பேசலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இரண்டே சந்திப்பில் எதைக் கவனிப்பது?

பதில்: இரண்டு சந்திப்பில் குணம் பிடிபடாதும்மா. அன்றைக்கு அவர் எப்படித் தோன்ற விரும்புகிறார் என்பது மட்டும்தான் தெரியும். ஆனாலும் யாரும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வராத இடங்கள் சில உண்டு. சாதாரண மாமாக் கடைக்கு, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு, போங்கள். அங்கே மேசை துடைக்கும் பங்களாதேஷ் தம்பியை அவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களை நினைத்து நான் அதிகம் வருந்துவது இதற்காகத்தான். நம் பாட்டன், பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை அப்படி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களைத் துரைமார் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'கூலி' என்ற ஒரு சொல் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லின் வலி தெரிந்த வீடுகளில் வளர்ந்த நாம், இன்று அதே லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருக்கும் இந்தோனேசியரையும் நேப்பாளியையும் 'டேய் பங்களா' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அந்தத் தம்பியால் உங்கள் மாப்பிள்ளைக்கு எந்த லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. லாப நஷ்டம் இல்லாத இடத்தில் ஒருவர் காட்டும் மரியாதை அவருடைய சொந்த மரியாதை. வேறு யாரும் அதை அவரிடமிருந்து வாங்கவில்லை.

இன்னொன்று. அவர் சண்டை போட்டுப் பிரிந்த நண்பர் யாராவது இருந்தால் பேச்சை அந்தப் பக்கம் திருப்புங்கள். கதை முழுக்க மற்றவர் தவறாகவே வருகிறதா, 'நானும் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று ஒரு வரியாவது வருகிறதா? ஆனால் இதையும் வைத்து உடனே முடிவுக்கு வர வேண்டாம். அவரும் பதற்றத்தில் இருப்பார். முடிந்தால் அவரோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த நண்பரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். பாத்திரம் யார் கழுவினார்கள், கரண்ட் பில் யார் கட்டினார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி (செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர்): புதிதாக வந்த ஆள் குலை நன்றாக வெட்டுகிறார், ஆனால் உதிரிப் பழத்தைப் பொறுக்குவதே இல்லை. சொன்னாலும் கேட்பதில்லை. சோம்பேறி என்று எழுதி அனுப்பலாமா?

பதில்: அண்ணே, எழுதுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உதிரிக்குத் தனிக் காசு உண்டா, எவ்வளவு? உதிரியில்தான் எண்ணெய் அதிகம், அதை விட்டால் தோட்டத்துக்கு நஷ்டம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் புல்லுக்குள் குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கும் நேரத்தில் அவர் இன்னும் நாலு குலை வெட்டிவிடலாம். குலைக்குத்தான் காசு என்றால் அவர் கணக்குத் தெரிந்தவர், சோம்பேறி என்று சொல்ல முடியாது. இங்கே நீங்கள் பார்ப்பது சம்பள முறையின் முகம்.

அவர் குணம் தெரிய வேண்டுமென்றால் காசு சம்பந்தப்படாத ஒன்றைப் பாருங்கள். ஓலை விழும் முன் கீழே நிற்பவருக்குக் குரல் கொடுக்கிறாரா? வெட்டிய ஓலையை, பின்னால் வருகிறவர் கால் வைக்கும் பாதையில் முள்ளோடு போட்டுவிட்டுப் போகிறாரா, ஒதுக்கி அடுக்குகிறாரா?

கேள்வி (இல்லத்தரசி): எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு அக்கா கூட்டு (மாதச் சீட்டு) பிடித்தார். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டாவது மாதமே பணத்தை எடுத்தாள், ஐந்தாவது மாதத்திலிருந்து கட்டவில்லை. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து பால்குடம் எடுக்கிறவள் டீச்சர்! எப்படி ஏமாந்தோம்?

பதில்: முதலில் கசப்பான ஒன்று. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் கூட்டு நடத்துவதே குற்றம். போலீசுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பெண்கள் காலங்காலமாக நம்பிக்கையை மட்டும் வைத்து இதை நடத்தி வந்ததால், இது சட்டவிரோதம் என்பதே பலருக்குத் தெரியாது.

அடுத்தது விரதம். அந்தப் பெண்ணின் பக்தியைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 48 நாள் நாக்கைக் கட்டுவது ஒரு திறமை. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுப்பது வேறு திறமை. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று நாம்தான் கணக்குப் போட்டுக்கொண்டோம். அவர் உங்களிடம் வாங்கிய சின்னக் கடன்கள் நினைவிருக்கிறதா? அரைக் கிலோ சீனி, பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்துக் காசு பத்து வெள்ளி (ரிங்கிட்)? அவை திரும்பி வந்தனவா, நீங்கள் கேட்ட பிறகு வந்தனவா, வரவே இல்லையா? பெரிய தொகையில் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அந்தப் பத்து வெள்ளிதான் உங்கள் கையில் இருந்த சாட்சி.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பணம் கட்ட முடியாமல் போவது யாருக்கும் வரும். கணவருக்கு வேலை போயிருக்கலாம். அவர் உங்கள் அழைப்பை எடுக்கிறாரா? 'இந்த மாதம் முடியாதுக்கா, இருபது வெள்ளி தருகிறேன்' என்று வாசலுக்கு வந்து நிற்கிறாரா? அப்படி நிற்கிறவர் பணம் இல்லாதவர், அவ்வளவுதான். சந்தையில் உங்களைக் கண்டதும் அடுத்த வரிசைக்குத் திரும்பிப் போகிறவரைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: முகத்தை வைத்து, கையெழுத்தை வைத்து குணம் சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: இல்லை. கையெழுத்தை வைத்துக் குணம் சொல்பவர்களைச் சோதித்துப் பார்த்ததில் நம்பும்படி எதுவும் தேறவில்லை. அடர்ந்த புருவமும் சிறிய கண்ணும் அப்பா அம்மாவிடமிருந்து வந்தவை. அவற்றைக் காட்டி ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்வது பாவம்.

கேள்வி (விரிவுரையாளர், நம் ஊர்க்காரர்): டீச்சர், குணம் என்று நிலையான ஒன்றே இல்லை, மனிதரை நடத்துவது சூழ்நிலைதான் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே. நீங்கள் நடத்தையை வைத்துக் குணம் பார்க்கச் சொல்வது பழைய காலப் பேச்சு ஆகாதா?

பதில்: நல்ல கேள்வி தம்பி, தட்டிக்கழிக்க முடியாத கேள்வியும்கூட. 1920-களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். வகுப்புத் தேர்வில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டிலும் ஏமாற்றும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1973-இல் டார்லி, பாட்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படித்த 40 மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் உரையாற்றச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் இருமிக்கொண்டு குறுகிக் கிடந்தார். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். 'நேரமாகிவிட்டது, ஓடு' என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான் உதவினார்கள். எந்தத் தலைப்பு என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளியில் நான் 'இரக்கம் இல்லாத பிள்ளை' என்று குறித்து வைத்த எத்தனை பேர் வெறுமனே அவசரத்தில் இருந்தார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1979-இல் எப்ஸ்டைன் என்பவர், ஒரே ஒரு நாளைப் பார்க்காமல் பல நாள் நடத்தையைக் கூட்டிச் சராசரி எடுத்தார். அப்படிப் பார்த்தபோது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு நிலைத்து நின்றது. ஒரு நாள் நடத்தை சூழ்நிலையைக் காட்டுகிறது, பல நாள் நடத்தை ஆளைக் காட்டுகிறது. எனக்கு இது புதிதாக இல்லை, அப்பாவின் ஏட்டில் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

ரப்பர் மரம் சீவும் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது அப்பா வேலை. சம்பளக் கணக்கே அதில்தான். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், ஓர் அம்மா கொண்டுவந்த பால் மிகவும் இளகலாக இருந்தது. 'தண்ணி கலந்தியா?' என்று அப்பா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியைக் கழுவிக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு மண்ணெண்ணெய் விளக்கில் அப்பா ஏட்டைப் புரட்டினார். நான்கு மாதத்தில் அந்த ஒரு நாளைத் தவிர அந்த அம்மாவின் அளவு இறங்கியதே இல்லை. பிறகு விசாரித்ததில், விடியற்காலையில் அந்த அம்மா வெட்டும் மலைச்சரிவு நிரைகளில் (மர வரிசைகளில்) மட்டும் மழை தூறியது தெரிந்தது. பட்டை வழியாக இறங்கிய தண்ணீர் பால் வடியும் மங்கில் (கிண்ணத்தில்) விழுந்திருக்கிறது. அதே ஏட்டில் இன்னொருவர் கணக்கும் அப்பா கண்ணில் பட்டது. அப்பாவை 'ஐயா' என்று வாய் நிறைய அழைக்கிறவர், தீபாவளிக்கு முதல் ஆளாய்ப் பலகாரத்தோடு வருகிறவர். அவருடைய அளவு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவு. எந்த ஒரு நாளிலும் பிடிக்க முடியாத குறைவு. மரங்கள்தான் அப்படியோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். கங்காணியிடம் சொல்லி நிரையை மாற்றிப் போட வைத்தார். புது நிரையிலும் அவர் பால் அதே குறைவு. அவருடைய பழைய நிரையில் வேறொருவர் வெட்டியபோது அளவு கூடியது.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் அந்த நிரை மாற்றம்தான் தம்பி. சூழ்நிலையை மாற்றிப் பார்த்த பிறகும் ஒட்டிக்கொண்டு வருவது எதுவோ, அதைக் குணம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

மறுநாள் பெரட்டில், விடியுமுன் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், அப்பா அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். கிராணி வெட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். அவமானப்படுத்தியது எல்லார் முன்னாலும் என்பதால் மன்னிப்பும் அங்கேதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆளைப் பார்க்கும்போது நான் இன்றும் முதலில் தேடுவது இதைத்தான்: தவறு செய்த இடத்துக்கே திரும்பி வருகிறாரா?

கேள்வி (14 வயதுப் பையனின் அம்மா): வெளியே எல்லாரும் 'உங்க மகன் எவ்வளவு பணிவு' என்கிறார்கள். வீட்டில் என்னிடம் எரிந்து விழுகிறான். எது உண்மையான குணம்?

பதில்: இரண்டுமே உண்மை தங்கச்சி. நாள் முழுக்கப் பணிவாக இருந்துவிட்டு வருகிறவன், இறக்கி வைக்கும் இடம் என்று உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அது அவனுக்கு உங்கள் மேல் உள்ள நம்பிக்கை. அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டாம், 'இப்படிப் பேசாதே, எனக்கு வலிக்கிறது' என்று அந்த நேரமே சொல்லுங்கள். எரிந்து விழுந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு என்ன செய்கிறான் என்று பாருங்கள். வாயால் மன்னிப்புக் கேட்காவிட்டாலும், கொடியில் காயும் துணியை எடுத்து மடிக்கிறானா? 'என்னம்மா சமைச்சீங்க' என்று அடுப்படிப் பக்கம் வந்து சும்மா நிற்கிறானா? அந்த வயதில் அதுதான் மன்னிப்பு. அப்படி எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் இப்படியே போனால், அவனைத் திட்டுவதற்கு முன் பள்ளியில் ஏதாவது நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூரில் வேலை செய்பவர்): அப்பாவுக்கு 72 வயது. வாழ்நாள் முழுக்க யாருக்கும் நன்றி சொன்னதில்லை. நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு தாதிக்கு நன்றி, தண்ணீர் கொடுத்தால் நன்றி, எனக்கு நன்றி. சில நேரம் அழுதுவிடுகிறார். இது அவர் குணமா, நோயா? எனக்குப் புரியவில்லை.

பதில்: முதலில் மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். பக்கவாதம் மூளையில் பாதித்த இடத்தைப் பொறுத்துப் பேச்சு, கோபம், அழுகை எல்லாம் மாறக்கூடும். காரணம் இல்லாமல் அழுகை வந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. மனச்சோர்வும் இருக்கலாம்.

மற்றதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. நோய் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்ததா, அடைத்து வைத்திருந்ததைத் திறந்துவிட்டதா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று என் கண்ணில் பட்டது. நன்றி சொன்னதில்லை என்று எழுதினீர்கள், நன்றி இல்லாதவர் என்று எழுதவில்லை. வாயால் சொல்லாத அந்த நாட்களில் அவர் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்களைவிட அதிக நாள் அந்த ஏட்டை எழுதியவர் அவர்தான்.