சித்திரை முதல் வாரம்: வானிலை குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை பிறக்கும் இந்த வாரத்தில், அதாவது ஏப்ரல் 14 முதல் 20 வரை, தமிழகத்தின் உள் மாவட்டங்களில் பகல் வெப்பம் இயல்பை ஒட்டியோ, இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகவோ இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் பிற்பகலுக்குப் பின் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும். கடலோரத்தில் புழுக்கம் மிகும். வந்து சேர்ந்த கேள்விகளில் பெரும்பாலானவை, இந்த மூன்று வரிகளில் எதை, எத்தனை நாளைக்கு நம்பலாம் என்பதைப் பற்றியவையே.

‘தேனி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை’ என்று நான்கு நாட்களாக அறிவிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு துளி இல்லை. ஆனால் நேற்று மாலை மழையே பெய்யாமல் காற்று மட்டும் அடித்து, தார் விட்ட வாழை பாதி சாய்ந்துவிட்டது. இந்த அறிவிப்பை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வது? (வாழை விவசாயி, சின்னமனூர் அருகே)

‘ஓரிரு இடங்களில்’ என்பது பேச்சுவழக்கில் சொல்லும் தோராயமான சொல் அன்று. அதற்கு ஓர் அளவு உண்டு. குறிப்பிட்ட பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 விழுக்காடு; அதற்கு மேல் ‘அநேக இடங்களில்’, ‘பெரும்பாலான இடங்களில்’ என்று ஏறும். எனவே ‘ஓரிரு இடங்களில் மழை’ என்ற அறிவிப்பை ஓர் ஊரில் இருந்துகொண்டு படிப்பவர், தம் ஊரில் மழை பெய்யாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு நாள் ஏமாற்றமாக உங்களுக்குத் தோன்றியது, மாவட்ட அளவில் சரியாகவே பலித்த முன்னறிவிப்பாக இருக்கலாம்.

காற்றின் கதை வேறு. கோடையில் குமரிக்கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று, வெயிலில் சூடேறிய மலைச்சரிவை ஒட்டி மேலெழுந்து மேகமாகத் திரள்கிறது. காலையில் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் வானத்தில், முற்பகல் 11 மணி வாக்கில் மலைமுகட்டின் மேல் சிறு மேகக் குவியல்கள் தலைகாட்டும். அவை பக்கவாட்டில் பரவிக் கலைந்தால் அன்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாறாக, இரண்டு மணிக்குள் அவற்றில் ஒன்று செங்குத்தாக வளர்ந்து, அடிப்பகுதி கறுத்து, உச்சி கொல்லன் பட்டறைக்கல்லைப் போலத் தட்டையாக விரிந்தால் அது இடிமேகம். அதிலிருந்து விழும் மழைநீர், கீழே உள்ள வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிறது. அதனால் குளிர்ந்து கனத்த காற்று தடதடவென்று கீழிறங்கித் தரையில் மோதி, நாலாபுறமும் சிதறி ஓடுகிறது. மழை ஓர் ஊரில் பெய்ய, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் புழுதிக்காற்று மட்டும் வீசுவதற்கு இதுவே காரணம். அறிக்கையில் ‘மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று’ என்று மழையோடு சேர்த்து எழுதப்படுவது அந்தக் காற்றைத்தான்.

ஆகவே வாழை வைத்திருப்பவர், மழை எந்த ஊருக்கு என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். இடிமழை அறிவிப்பு மாவட்டத்துக்கு வந்துவிட்டாலே காற்று நம் தோட்டத்துக்கும் வரும் என்று கொண்டு, தார் விட்ட மரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிடுவதும், முற்றிய தார்களை வெட்டிவிடுவதும் நல்லது. மே மாதம் முடியும் வரை இந்த நிலை நீடிக்கும்.

எங்கள் ஊரில் கார் காட்டும் வெப்பநிலை 44. அரசு அறிக்கையில் 39 என்கிறார்கள். குறைத்துச் சொல்கிறார்களா? (ஈரோடு)

இல்லை. வானிலை நிலையத்தின் வெப்பமானி, தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் மார்பளவு உயரத்தில், நான்கு பக்கமும் காற்றுப் புகும் சரிவுச் சட்டங்கள் கொண்ட வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும். வெயில் நேரடியாக அதன்மேல் படாது. அது அளப்பது காற்றின் வெப்பத்தை. காரில் உள்ள உணரியோ கொதிக்கும் தார்ச்சாலைக்கு அருகில், இயந்திரச் சூட்டையும் வாங்கிக்கொண்டு இருக்கிறது. வெயிலில் நிற்கும் உங்கள் உடல் 39 டிகிரியைவிட அதிகமாக உணர்வது உண்மைதான். ஆனால் எல்லா ஊரையும் எல்லா ஆண்டையும் ஒப்பிட வேண்டுமானால் நிழல் வெப்பநிலையைத் தவிர வேறு பொது அளவு கிடையாது.

வேலூரில் 39 டிகிரி, சென்னையில் 35 டிகிரி. ஆனால் சென்னையில்தான் தாங்க முடியவில்லை. இதை ஏன் வெப்ப அலை என்று அறிவிப்பதில்லை? (அம்பத்தூர்)

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. 35 டிகிரி வெப்பத்தோடு 60 விழுக்காடு ஈரப்பதம் சேர்ந்தால், உலகில் பரவலாகப் பயன்படும் வெப்பக் குறியீட்டின்படி உடல் உணர்வது ஏறத்தாழ 45 டிகிரி. அதே கணக்கில் 39 டிகிரியோடு 20 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால், உணரும் வெப்பம் 38 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வேலூர்க்காரர் வெயிலைத் திட்டுவதும், சென்னைக்காரர் புழுக்கத்தைத் திட்டுவதும் இரண்டுமே நியாயம்.

ஏப்ரலில் கடலோரத்தில் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வீசுவதால் கடற்காற்று பகலில் சீக்கிரமே உள்ளே நுழைந்து, வெப்பநிலை ஏறுவதைத் தடுத்துவிடுகிறது. கடலுக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்துக்கு அது முன்னதாக எட்ட, மீனம்பாக்கத்துக்குச் சற்றுப் பின்னால் போய்ச் சேருவதால்தான் இரு நிலையங்களுக்கும் இடையே ஒன்றிரண்டு டிகிரி வேறுபாடு வருகிறது; அம்பத்தூர் போன்ற உட்பகுதிகள் மீனம்பாக்கத்தின் கணக்கையே பின்பற்றலாம். மே மாதக் கடைசியில் மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்றைப் பிற்பகல் வரை நிறுத்தி வைக்கும்போதுதான் சென்னை உண்மையிலேயே கொதிக்கும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று என்பதை நினைவில் கொள்ளலாம்.

வெப்ப அலைக்கு வரையறை உண்டு. சமவெளி நிலையத்தில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியையும், கடலோரத்தில் 37 டிகிரியையும் எட்ட வேண்டும்; அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இயல்பே 37, 38 என்று இருக்கும் கரூர் பரமத்தி போன்ற இடங்களில் 42-ஐ ஒட்டியோ, அதைத் தாண்டியோ போனால்தான் இந்தக் கணக்கு நிறைவேறும். இரண்டு நிலையங்களிலாவது, தொடர்ந்து இரண்டு நாட்களாவது அந்த நிலை நீடித்த பிறகே வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். இந்த வரையறையில் ஈரப்பதத்துக்கு இடமில்லை என்பது, கடலோர மக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு குறை என்றே நான் கருதுகிறேன். அறிக்கையின் கடைசியில் ‘அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்பொழுது அசௌகரியம் ஏற்படலாம்’ என்று ஒரு வரி வருமே, சென்னை, கடலூர், நாகப்பட்டினம் வாசகர்கள் வெப்ப எண்ணைவிட அந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த வரி வந்த நாளில் கட்டட வேலை, சாலை வேலை செய்பவர்களைப் பகல் 12 முதல் 3 மணி வரை வெளியில் நிறுத்தக் கூடாது.

கத்தரி வெயில் மே 4-ஆம் தேதிதானே தொடங்குகிறது? அதற்கு முன்பே ஏன் இப்படி? (திருச்சி)

அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. சூரியன் பரணியின் பிற்பகுதியிலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் தொடக்கம் வரை செல்லும் நாட்கள். வானிலைத் துறை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது குமரி முனையில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், மதுரையில் 16-ஐ ஒட்டியும், சென்னையில் 24-ஐ ஒட்டியும் ஆகும். எனவே இந்த வாரமே வெயில் செங்குத்தாக விழும் வாரம்தான். எனினும் நிலம் சூட்டைச் சேர்த்து வைத்து வெளிவிடக் காலம் பிடிப்பதால் உச்ச வெப்பம் பிந்தி வருகிறது. நல்ல கோடைமழை பெய்த ஆண்டில் கத்தரி நாட்களே குளிர்ந்து போவதும் உண்டு.

கைபேசிச் செயலியில் அடுத்த பத்து நாளும் மழைப் படம் காட்டுகிறது. ஏழாம் நாள் எங்கள் வீட்டில் திருமணம். பந்தலுக்குத் தகரக் கூரை போடுவதா? (சேலம்)

செயலியின் பின்னால் இருப்பது ஒரு கணினி மாதிரி. அது நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில்கூட ஒரு கட்டம் 6 கிலோமீட்டர்; ஓர் இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலத்துக்குள் பிறந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே ஏழாம் நாளின் மழைப் படத்துக்கு, ‘அன்று காற்றில் ஈரம் இருக்கும், எங்காவது இடி இடிக்கலாம்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. பகல் வெப்பநிலையை ஒரு வாரம் முன்பே ஓரிரு டிகிரி பிழைக்குள் சொல்லிவிடலாம். கோடைமழை எந்தத் தெருவில் பெய்யும் என்பதை ரேடார் பார்த்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மட்டுமே சொல்ல முடியும். அந்த மூன்று மணி நேர அறிவிப்பு மாவட்ட வாரியாக வெளியாகிறது. மாலை வரவேற்பு என்றால் தகரம் போட்டுவிடுங்கள். காலை முகூர்த்தத்துக்குத் துணிப்பந்தல் போதும், ஏனெனில் சேலத்தில் இந்தப் பருவத்து மழை பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும்தான் வரும்.

கோடை உழவு போட இந்த வாரம் ஈரம் கிடைக்குமா? (மானாவாரி விவசாயி, அருப்புக்கோட்டை)

உறுதி சொல்ல இயலாது. மார்ச் முதல் மே வரை தமிழகத்துக்குக் கிடைக்கும் மழை சராசரியாக 12 முதல் 13 சென்டிமீட்டர்தான். அதுவும் திட்டுத் திட்டாகப் பெய்யும். ‘சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று சொல்லி வைத்தவர்கள் தேதி குறிக்கவில்லை. மழை கிடைத்த இரண்டு மூன்று நாட்களுக்குள், சரிவுக்குக் குறுக்காக உழுதுவிடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினாலும் நாங்கள் வள்ளத்தில் போகலாம். காற்று எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில் அலை திடீரென்று கரையேறுகிறதே, அதை முன்கூட்டி அறிய வழி உண்டா? (கன்னியாகுமரி மாவட்டம்)

உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத்தான் தடை. உங்கள் வள்ளத்துக்கு இல்லை. நீங்கள் சொல்வது கள்ளக்கடல். தென் இந்தியப் பெருங்கடலின் வெகு தொலைவில் வீசிய புயற்காற்று எழுப்பிய நீண்ட அலைகள், பல நாள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே காற்று அசையாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் பொங்குவதால், வானிலை அறிக்கையின் காற்று எச்சரிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்குத் தனியாக எச்சரிக்கை விடுகிறது. அலைகள் தொலைவிலிருந்து வருவதாலேயே ஓரிரு நாள் முன்னதாகச் சொல்ல முடிகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் உங்கள் மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தபோதும் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. எச்சரிக்கை வந்த நாளில் வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றி, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். கரையில் கால் நனைக்க வரும் வெளியூர்க்காரர்களையும் தடுத்துவிடுங்கள்.

விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறோம். இந்த வாரம் போகலாமா? (மதுரை)

தாராளமாகப் போகலாம். சுற்றிப் பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொண்டு, பிற்பகல் 2 மணிக்குள் ஏரி, புல்வெளி, பாறை முனை போன்ற திறந்த இடங்களை விட்டு வந்துவிடுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ சென்று, கடைசி இடி கேட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.